மாமன் எடுக்காத வெற்றிலை

போன மாதம் ஓசூரில் அந்தக் கல்யாண மண்டபத்தில் நாம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டோமே, அதிலிருந்து எனக்குப் பழைய நினைப்பாகவே இருக்கிறது. முடியெல்லாம் பஞ்சாகி, ஆளுக்கொரு கண்ணாடியும் ஆளுக்கொரு முழங்கால் வலியுமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் உங்களில் ஒருத்தி கேட்டாள்.

"நம்ம பாய்ல குந்தியிருந்த பொண்ணுங்கள்ல நீ மட்டும் எப்பிட்றி டீச்சரானே?"

"எல்லாம் எங்க மாமனாலதான்" என்றேன். சொல்ல வாயெடுப்பதற்குள் கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். அப்புறம் பந்தி. இலையில் உட்கார்ந்துகொண்டு பாதி சொன்னேன், மீதியைப் பாயசம் விழுங்கிவிட்டது. என் பிள்ளைகளிடம் சொன்னால் கேட்டுக் கேட்டுச் சலித்த முகத்தைக் காட்டுவார்கள். அவர்களுக்குத் தாய்மாமன் என்றால் கல்யாணத்தில் மாலையோடு நின்று போட்டோவுக்குச் சிரிக்கிறவர். அந்தக் காலத்தில் ஒரு தாய்மாமன் வெற்றிலையை எடுத்தால் என்ன, எடுக்காவிட்டால் என்ன என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதனால் உங்களுக்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

தேன்கனிக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குப் பாய்தான், நினைவிருக்கிறதா? ஐந்தாவதில் நமக்கு இரண்டு பாய் தேவைப்பட்டது. ஆறாவதில் ஒன்று போதும் என்றாயிற்று. ஏழாவதில் அந்த ஒரு பாயிலும் காலை நீட்டி உட்கார இடமிருந்தது. ஒருத்தி வராவிட்டால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கணக்கில் நம் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவள் ஆடு மேய்க்கப் போனாள். வீட்டில் தெலுங்கு பேசிக்கொண்டு செய்யுளை நம்மைவிட அழகாகச் சொன்னவள் கெலமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள்.

பெண் பெரியவளானால் வாத்தியாருக்கு எப்படியோ சேதி போய்விடும். அவர் வருகைப் பதிவேட்டில் அவள் பேரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவார். சாயங்காலம் தேங்காய், பழம், ஒரு ரவிக்கைத் துணி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட வேண்டும் என்று மனசார வாழ்த்திவிட்டு வருவார். கெட்ட மனிதர் இல்லை. அதற்கப்புறமும் பேரை வைத்திருந்தால்தான் அந்தப் பெண்ணுக்கு அவமரியாதை என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

நம்மில் ஒருத்தியை வாத்தியார் கோடு போட்டு அனுப்பவில்லை. அவளுடைய அக்கா பிரசவத்தில் போய்விட, அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவென்று அவளை ஐந்தாவதிலேயே நிறுத்திவிட்டார்கள். அவளோ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள். குழந்தை அழுதால் வேலி வரை போய்த் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வருவாள். அவளை நாம் இடுப்புப் பிள்ளைக்காரி என்று கேலி செய்வோம். அவளும் சிரித்துக்கொள்வாள்.

என் முறை ஏழாம் வகுப்பில், மார்கழிப் பனியில் வந்தது. அது அவரைக்காய்க் காலம். நம் பக்கத்தில் அப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் பிதுக்கம்பருப்புக் குழம்பு கொதிக்கும். ஊறின அவரைக்கொட்டையை விரலிடுக்கில் வைத்துப் பிதுக்கினால் பருப்பு துள்ளிப் போய்ப் பாத்திரத்தில் விழும். நான் அதை எட்ட வைத்துக் குறி பார்த்துப் பிதுக்கி விளையாடிக்கொண்டிருந்தேன். அம்மா என் பாவாடையைப் பார்த்தாள். பாத்திரத்தை என் முன்னாலிருந்து எடுத்து நகர்த்தி வைத்தாள். அன்றைக்குக் குழம்பு யார் செய்தார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கொட்டையின் வழவழப்பு இன்னும் விரலில் இருக்கிறது.

மறுநாள் மாமன் வந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. நாட்றாம்பாளையத்துக்கு மேலே, காட்டை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் மேட்டு நிலம். ராகி முற்றி நின்ற நேரம். யானைக்குக் காவல் இருந்து இருந்து கண் சிவந்து கிடந்தது. அந்தக் கண்ணோடு தோளில் புங்கந்தழைக் கட்டைச் சுமந்துகொண்டு வந்து, எங்கள் வாசல் மூலையில் தென்னோலையும் தழையுமாக எனக்குப் பச்சைக் குடிசை கட்டினார். தாய்மாமன் கட்டித்தான் பெண் உள்ளே உட்கார வேண்டும், அவர் பிரித்துத்தான் வெளியே வர வேண்டும். சின்ன வயதில் தேனடையும் நாவற்பழமும் கொண்டுவந்து என்னைத் தோளில் தூக்கிச் சந்தைக்குக் கூட்டிப்போனவர், அன்றைக்கு என் பக்கம் பார்க்காமலே தழையைச் செருகிக்கொண்டிருந்தார்.

அந்தக் குடிசையில் எனக்கு ராஜ உபசாரம். உளுந்தங்களியில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றித் தருவார்கள். வெல்லமும் கொப்பரையும் எள்ளுருண்டையுமாக வருகிறவர்கள் எல்லாம் மடியில் கொட்டிவிட்டுப் போவார்கள். வாத்தியாரும் வந்தார். தேங்காய், பழம், ரவிக்கைத் துணி. அதைப் பார்த்ததும் என் பேருக்கும் கோடு விழுந்துவிட்டது என்று தெரிந்து போயிற்று. எள்ளுருண்டையை வாயில் வைத்துக்கொண்டே அழுதேன். பெண்ணுக்கு வெட்கம் வந்துவிட்டது என்று அத்தைமார் சிரித்தார்கள்.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. எட்டாவது அரசாங்கப் பரீட்சையை எழுத வேண்டும். எட்டாவது தேறினால் டீச்சர் டிரெயினிங் சேரலாம் என்று வாத்தியார் பையன்களுக்குச் சொன்னபோது, பாயில் உட்கார்ந்திருந்த நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் எங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாட்களில் என்னைத் தேடிப் படிப்பைக் கொண்டுவந்தவள் இடுப்புப் பிள்ளைக்காரி. ஜன்னலில் நின்று கேட்டதையெல்லாம் மறக்காமல் வந்து குடிசைக்கு வெளியே நின்றபடி ஒப்பிப்பாள்.

"ஏய், தூங்கிட்டியா? இன்னிக்கு தனிவட்டி. அசலு, காலம், வீதம், மூணையும் பெருக்கி நூறால வகுக்கணும். சொல்லு பாக்கலாம்."

அவள் பேசுவதற்குள் அந்தக் குழந்தை குடிசையின் தழையைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். அது பிய்த்த இடத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. அதன் வழியாக அவள் பலகையை உள்ளே நீட்டுவாள். நான் கணக்கைப் போட்டு வெளியே நீட்டுவேன். தப்பாக இருந்தால் எச்சிலைத் தொட்டு அழித்துவிட்டுத் திரும்ப உள்ளே தள்ளுவாள். பள்ளிக்கூடம் போகாதவள், பள்ளிக்கூடம் போக முடியாதவளுக்குப் பாடம் எடுத்தாள். அவளை மறந்தால் எனக்குச் சோறு செரிக்காது.

இதற்கிடையில் பெரியப்பா ஒரு மாப்பிள்ளையோடு வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை நேரில் வரவில்லை, பேச்சில் வந்தார். மத்தூர்ப் பக்கம் பெரிய மாந்தோப்பு, இரண்டு கிணறு. முதல் மனைவி இறந்துவிட்டாள், இரண்டு பிள்ளைகள். தை பிறந்ததும் முடித்துவிடலாம் என்றார் பெரியப்பா. அப்பாவுக்கு அண்ணன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. தழைக்குள் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சடங்கு நாள் வந்தது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். குடிசையைப் பிரிப்பதற்கு முன்னால், பெண்ணின் அப்பா தாய்மாமனுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டுவார். மாமன் எடுத்துக்கொண்டால் உரிமையை விட்டுவிட்டார், பெண்ணை வெளியில் கொடுக்கலாம். எடுக்காவிட்டால் பெண் அவருக்குத்தான், வேறு யாரும் வந்து கேட்க முடியாது. எங்கள் மாமன் எடுத்துக்கொள்வார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. இருக்கிற காய்ந்த மேட்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? ஊர்க்கவுண்டர்கூட அவசரமாக வேறெங்கோ போக வேண்டியவர் மாதிரி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்பா தட்டை நீட்டினார்.

மாமன் இரண்டு கையையும் மடியிலேயே வைத்திருந்தார். அப்புறம் ஒரு விரலால் தட்டை மெதுவாக அப்பா பக்கமே நகர்த்தினார்.

"எங்கக்கா பொண்ணு எனக்கு வேணும் மாமா. வெளிய குடுக்க நா ஒத்துக்க மாட்டன்."

பெரியப்பாதான் எழுந்தார்.

"உனக்கு எங்கடா இருக்குது காடு கழனி? வெளையற ராகியில பாதிய ஆனை தின்னுட்டுப் போவுது. பொண்ணு என்னாத்தத் தின்னும்?"

"மீதியத் தின்னும்" என்றார் மாமன்.

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியப்பாவுக்கு மீசை துடித்தது. ஊர்க்கவுண்டர் செருப்பை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மாமன் கேட்டால் கேட்டதுதான், அதில் பஞ்சாயத்துக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் மாமன் அடுத்ததைச் சொன்னார்.

"ஆனா ஒன்னு மாமா. பொண்ணு எட்டாவது தேறணும். தேறின பொறவுதான் கல்யாணம்."

"நீ எது வரைக்கும் படிச்சே?" என்று கேட்டார் ஊர்க்கவுண்டர்.

"ரெண்டாவது. அதுனாலதான் கேக்கறன்."

இப்போது ஆண்களும் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. மாப்பிள்ளை வீடு கேட்டதைச் செய்து கொடுப்பதுதானே பெண் வீட்டுக்கு மரியாதை? கம்மல் கேட்டால் கம்மல், கறவை மாடு கேட்டால் கறவை மாடு. எங்கள் மாமன் எட்டாம் வகுப்பைக் கேட்டுவிட்டார். படிக்க வைக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் பெண்ணுக்குக் கம்மல் போட வக்கில்லாதவர் என்று சொன்ன மாதிரி ஆகியிருக்கும். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, படிக்கட்டும்" என்றார்.

எனக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பள்ளிக்கூடம் திரும்பக் கிடைத்தது. ஆனால் என் மாமன் போய்விட்டார். அன்றிலிருந்து அவர் வந்தால், "மாமன் வர்றான், உள்ள போடி" என்பாள் அம்மா. நான் கதவுக்குப் பின்னால் நிற்பேன். அவர் தேனடையை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார். அதை நான் தொடவே மாட்டேன். தேனுக்கு நான் எவ்வளவு ஆளாய்ப் பறப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

தாவணி போட்டுக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் பெண் நான்தான். வாத்தியார் என்னைப் பார்த்துவிட்டுப் பதிவேட்டைப் பார்த்தார். "பேரை அடிச்சிட்டேனேம்மா!" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். பையன்கள் எல்லோருக்கும் கீழே கடைசியாக என் பேரைத் திரும்ப எழுதினார். அதற்குப் பிறகு என்னை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. யோசித்து யோசித்து, கதவோரத்தில் ஒரு முக்காலி போட்டு, வெளியே பார்த்தாற்போல உட்காரச் சொன்னார். பையன்கள் என் முகத்தைப் பார்க்கக் கூடாதாம். அதனால் நான் கரும்பலகையைப் பார்க்க முடியவில்லை. தெருவில் போகிற மாட்டு வண்டியையும் உப்பு வியாபாரியையும் பார்த்துக்கொண்டே புவியியல் படித்தேன்.

ஆனால் அந்த முக்காலிக்கு ஒரு வசதி இருந்தது. இடுப்புப் பிள்ளைக்காரி இனி ஜன்னலில் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே நான், வெளியே அவள், நடுவில் ஒரு நிலைப்படி. குழந்தை இப்போது ஓடித் திரியத் தொடங்கியிருந்தது. அது நிலைப்படியைத் தாண்டி வகுப்புக்குள் வந்து போகும், அதை யாரும் தடுக்கவில்லை. வாத்தியார் பலகையில் எழுதுவதை அவளும் பார்க்க முடியாது, நானும் பார்க்க முடியாது. காதால் கேட்டதை வைத்து இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். பெரும்பாலும் அவள்தான் முதலில் முடிப்பாள்.

எங்கள் ஊரிலிருந்து தேன்கனிக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்கு விறகுச் சுமைக்காரிகளோடுதான் நடந்து போவேன். விடிந்து வெயில் ஏறுவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார்கள். ஈர விறகின் வாசனையும் அவர்கள் குதப்பும் புகையிலை வாசனையும் கலந்து வரும். ஒரு வாக்கியத்தைக் கன்னடத்தில் தொடங்கித் தெலுங்கில் நடத்தித் தமிழில் முடிப்பார்கள். "ஏன் மாஸ்டரம்மா, ஊட்டா ஆய்த்தா?" என்று நான் சாப்பிட்டேனா என்பதைத் தினமும் விசாரிப்பார்கள். ஆகவில்லை என்றால் மடியிலிருந்து ராகி ரொட்டியில் பாதி வரும். மை மாத்திரை கரைத்த என் கண்ணாடி மைக்கூடு ஒருநாள் பையில் கவிழ்ந்து தாவணி முழுக்க நீலமாகிவிட்டது. அவர்களில் ஒருத்தி தன் முந்தானையை அவிழ்த்து என்னையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு, சுமையோடு என் கூடவே பள்ளிக்கூட வாசல் வரை வந்து திரும்பினாள். அந்தத் தாவணி எங்கே போயிற்று, அந்தக் கூடு எங்கே போயிற்று, தெரியவில்லை. அந்தக் கறை வேண்டும் என்று இப்போது ஆசையாக இருக்கிறது.

எட்டாவதில் பாதியில் ஒரு நாள் படியில் ஆள் இல்லை. இடுப்புப் பிள்ளைக்காரியை அக்கா புருஷனுக்கே கட்டி வைத்துவிட்டார்களாம். குழந்தைக்கு அம்மா வேண்டுமே என்றார்கள். அவளுக்கு உரிமை சொல்லித் தட்டை நகர்த்த ஒரு மாமன் இல்லை. அவள் பேர் பதிவேட்டிலும் இல்லை, ஆகவே யாரும் கோடுகூடப் போடவில்லை. மண்டபத்தில் நீங்கள் இரண்டு பேரும் அவள் எங்கே என்று கேட்டீர்கள். எனக்கும் தெரியாது. அஞ்செட்டிப் பக்கம் போனவள்தான். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பரீட்சை ஓசூரில். மாப்பிள்ளை கேட்ட படிப்பு, மாப்பிள்ளையே கூட்டிக்கொண்டு போகட்டும் என்று அப்பா முறுக்கிக்கொண்டார். அம்மாவும் துணைக்கு வந்தாள். தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். ஓசூர் மைசூருக்குப் போகுமா, மதராஸோடேயே இருக்குமா என்று ஆண்கள் பஸ்ஸிலும் டீக்கடையிலும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. மாமனை யாரோ கேட்டார்கள், நீ எந்தப் பக்கம் என்று. "எந்தப் பக்கம் போனாலும் ஆனை எம்பக்கந்தான் வரும்" என்றார் அவர். நான் பரீட்சை எழுதி முடிக்கிற வரை எதிரிலிருந்த புளிய மரத்தடியில் நின்றிருந்தார். வெளியே வந்ததும் பன்னும் டீயும் வாங்கித் தந்தார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை.

நன்றாக எழுதியிருந்தேன். அது எனக்கே தெரிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் நான், நடுவில் அம்மா, அந்தக் கோடியில் மாமன். அம்மா கொஞ்ச தூரத்திலேயே தூங்கிவிட்டாள். இவ்வளவு நாளும் அவரோடு பேசாமல் அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் அன்றைக்கு மடை திறந்துவிட்டது. அம்மாவின் தலைக்கு மேலாக அவரிடம் ஏதேதோ பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. பழைய மாமன் திரும்பிக் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

தேறினேன். சேதி வந்ததும் அப்பாவின் முறுக்கெல்லாம் போய்விட்டது. மாப்பிள்ளை கேட்டதைக் கொடுத்தாயிற்று, இனிக் கல்யாணம்தான் என்று நாள் பார்க்க உட்கார்ந்தார்கள். பெரியப்பாகூட மனம் ஆறி வந்திருந்தார். நான் சமையற்கட்டில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். காம்பெது இலையெது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த வெத்தலைத் தட்டக் கொண்டா மாமா" என்று மாமன் சொல்வது கேட்டது. எழுந்து கதவிடுக்கில் பார்த்தேன். தட்டு வந்தது. அவர் இரண்டு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளி, நிதானமாகச் சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"என்னடா செய்யறே?" என்று அம்மா அலறிவிட்டாள்.

"எட்டாவது தேறினா கட்டிக்கறன்னியே!" என்றார் அப்பா.

"சொன்னன் மாமா. இப்போ பயமா இருக்குது. இது டீச்சருக்குப் படிக்கப் போவுமாம். நாளைக்கு நா ராகி மூட்டைய எறக்கி வெச்சா, கையக் கட்டி நில்லுன்னு சொல்லும். எனக்கு ஆவாது."

"தாய்மாமனே வேணாம்னா, பொண்ணுக்கு என்ன கொறையோன்னு ஊரு பேசாதா?" பெரியப்பா குரல் உயர்ந்தது.

"கொறை எனக்குத்தான், எனக்குத் தைரியம் பத்தலன்னு நானே சொல்லிக்கறன்."

சொன்னார். அடுத்த சந்தையில் கடை கடையாகப் போய்ச் சொன்னார். துணிக்கடையிலும் கருப்பட்டிக் கடையிலும் மாட்டுத் தரகர்களிடமும், "டீச்சருன்னா எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்று தானே சிரித்துச் சிரித்துச் சொன்னார். ஊரே சிரித்தது. என்மேல் ஒரு பழிச்சொல் வரவில்லை. டீச்சருக்குப் பயந்தவன் என்ற பேர் மட்டும் அவருக்குக் கடைசி வரைக்கும் நிலைத்துவிட்டது. பிற்பாடு அவரைக் கட்டிக்கொண்டு வந்த அத்தையும் அந்தப் பேரைச் சொல்லித்தான் அவரை மிரட்டுவாள். அப்பா எங்களோடு பேசாமல் கொஞ்ச நாள் இருந்தார். வேறு மாப்பிள்ளை கைவசம் இல்லை. கிடைக்கிற வரைக்கும் போய்விட்டு வரட்டும் என்று சேலத்துக்கு டிரெயினிங் அனுப்பினார். அது முடிந்து வேலையும் கிடைத்துவிட்டது.

எனக்கு முதல் வேலை எங்கே தெரியுமா? மத்தூரில். அந்த மாந்தோப்புக்காரரை அங்கே பார்த்தேன். சாதுவான மனிதர். வேறு கல்யாணம் செய்துகொண்டு, மனைவியைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டார். சீசனில் பள்ளிக்கூடத்துக்குக் கூடை கூடையாக மாம்பழம் அனுப்புவார். அவரை நான் குடிசைக்குள் உட்கார்ந்து பூதம் மாதிரி நினைத்துப் பயந்திருக்கிறேன். அவருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாலும் சோற்றுக்கும் அன்புக்கும் குறை வந்திருக்காது. பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றிருப்பேன், அவ்வளவுதான்.

எந்த ஊருக்கு மாற்றினாலும் ஒரு பெண் வராமல் நின்றுவிட்டால் அவள் வீட்டுக்கு நடையைக் கட்டுவேன். போனதும் நான் கேட்கிற முதல் கேள்வி, "பொண்ணுக்கு மாமன் யாரு?" என்பதுதான். அந்த ஆளைப் பிடித்து என் கதையைச் சொல்வேன். எங்கள் மாமன் எப்படித் தந்திரமாக உரிமை சொல்லி வேறு யாரும் கேட்க முடியாமல் கட்டிப்போட்டு, என்னைப் படிக்க வைத்து, காரியம் முடிந்ததும் கழன்றுகொண்டார் என்று சொல்வேன். சில மாமன்கள் கேட்டார்கள். பல பேர் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் உலகம் பூராவும் அந்த வயதுப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள் என்று பத்திரிகையில் படிக்கும்போது, அந்தப் பெண்களின் மாமன்மார் எல்லாம் எங்கே போனார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

மண்டபத்தில் உங்களுக்குச் சொன்னதும் இந்தத் தந்திரக் கதைதான். மீதி இது.

மாமனுக்கு நடமாட்டம் குறைந்த பிறகு ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மருமகள்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வழக்கம்போலக் கதையைச் சொன்னேன். அவர்கள் கை தட்டினார்கள். அவர் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் உள்ளே போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"நா என்னமோ நாடகம் ஆடினன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கறியே கண்ணு, அது பொய்."

"என்ன பொய் மாமா?"

"நெசமாத்தான் கேட்டன். அக்கா பொண்ணு, என் மொறை. நம்ம வூட்டுக்குத்தான் வரணும்னு இருந்தன். படிப்பையும் நெசமாத்தான் கேட்டன். எங்கூர்ல ஒரு கடுதாசி வந்தா அதப் படிக்கறதுக்கு ஆள் தேடி அஞ்செட்டிக்கு நடக்கணும். வூட்டுல படிச்சவ ஒருத்தி இருந்தா எனக்கு எவ்ளோ கவுரவம்!"

"அப்போ ஏன் விட்டே?"

அவர் என் பக்கம் ஒருக்களித்துப் படுத்தார்.

"ஓசூர்லருந்து பஸ்ல வந்தமே, நீ வாயே மூடல. சேலத்துல டிரெயினிங்குன்னே. கொழந்தைங்கள எப்பிடிக் குந்த வெப்பேன்னு சொன்னே. பொண்ணுங்களக் கதவாண்ட தள்ள மாட்டன், முன்னாடி குந்த வெப்பன்னே. அந்த இடுப்புல கொழந்தை வெச்சிருந்த பொண்ணு மாதிரி யாரு வந்தாலும் உள்ள கூப்புடுவன்னே. நானும் கேட்டுக்கினே வந்தன். எங்கனாச்சும் நம்ம வூடு வரும், ராகிக் காடு வரும், மாடு கன்னு வரும்னு பாத்தன். கெலமங்கலம் தாண்டியும் வரல. ஊரு வந்துடுச்சு, அப்பவும் வரல."

"கோவம் வந்துதா மாமா?"

"வராமயா? எறங்கறப்போ உங்கம்மா முழிச்சுப் பாத்துட்டு, என்னடா மொகம் ஒரு மாதிரி இருக்குதுன்னா. பஸ் காத்துக்கான்னு சொன்னன்."

அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் எழுந்து, முழங்கால் வலியோடு குனிந்து அவர் காலைத் தொட்டேன். அதற்கு முன்னால் எத்தனையோ பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் அந்தக் காலைத் தொட்டிருக்கிறேன். எதற்காகத் தொடுகிறேன் என்று தெரிந்து தொட்டது அன்றைக்குத்தான்.